நோயும் பழியும்: பழனி மலையில் புகைபிடிக்கும் நோயாளிகள்

நாட்பட்ட நோயோடு மருத்துவரிடம் போகிறவர் பீடியோ சிகரெட்டோ பிடிப்பவராக இருந்தால், அவருக்குக் கிடைக்கும் மருத்துவம் மற்றவர்களுக்குக் கிடைப்பதிலிருந்து வேறுபடுகிறதா? வேறுபட்டால், அந்த வேறுபாடு அவர் உடம்புக்கு நல்லது செய்கிறதா, கெடுதல் செய்கிறதா? இந்த இரண்டு கேள்விகளையும் பழனி மலைத்தொடரை முன்வைத்து ஆராய்கிறது இக்கட்டுரை.

இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கொடைக்கானல் என்ற ஊர் பிறந்ததே உடல்நலத்தைத் தேடித்தான். சமவெளியில் காலராவுக்கும் மலேரியாவுக்கும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் 1845இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். நல்ல காற்றுக்காக வெளியூர்க்காரர்கள் இன்றும் மலையேறி வருகிறார்கள். அதே காற்றில் பிறந்து வளர்ந்த உழவர்களும் தோட்டக் கூலிகளும், இளைப்பும் இருமலுமாக, மருத்துவம் தேடிக் கீழே இறங்கிப் போகிறார்கள்.

புகையிலை கொல்லும் என்பதில் இக்கட்டுரைக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வேண்டும், இன்னும் கடுமையாக வேண்டும். ஆனால் புகையிலைமீது காட்ட வேண்டிய கோபம் நோயாளிமீது திரும்பும்போது மருத்துவமும் கெடுகிறது, நீதியும் கெடுகிறது. கிடைத்திருக்கும் சான்றுகள் இந்த முடிவையே சுட்டுகின்றன.

உயரமும் குளிரும்

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் 78 விழுக்காட்டளவே. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. நல்ல உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். மூச்சுக்குழல் சுருங்கிப்போனவருக்கு இந்தக் குறைவே பெருஞ்சுமை. அதன்மேல் பீடிப் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு, இருக்கும் ஆக்சிஜனுக்கும் இடமில்லாமல் செய்கிறது. சமவெளியில் இரண்டு தெரு நடந்தால் இளைக்கும் ஒருவருக்கு, இங்கே வீட்டு வாசலிலிருந்து சாலைக்கு ஏறுவதற்குள் இளைத்துவிடும்.

வேலையும் மூச்சைக் கேட்கிற வேலைதான். மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை ஆகிய ஊர்களில் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. நிலம் அடுக்கடுக்காகச் சரிவில் கிடக்கிறது. மூட்டையைத் தலையில் சுமந்து வண்டி நிற்கும் இடம்வரை ஏற வேண்டும். கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர்ப் பக்கம் காப்பியும் மிளகும் மலைவாழையும். அங்கும் ஏற்ற இறக்கந்தான். இப்படிப்பட்ட வேலையில் பீடிக்கு ஓர் இடம் உண்டு. பசியை அது கொஞ்ச நேரம் அடக்கும். பீடி பற்றவைக்கும் நேரந்தான் கூலிக்காரருக்கு யாரும் கேள்வி கேட்காத ஓய்வு. குளிருக்கு இதமாக இருக்கிறது என்பதும் எல்லாரும் சொல்லும் காரணம்.

அந்த இதம் மெய்யானதல்ல. நிக்கோட்டின் விரல்களுக்கும் பாதங்களுக்கும் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகைத்தபின் கைகால் முன்னைவிடக் குளிர்ந்தே போகும். இதையும் யாராவது நோயாளியிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னால்தானே தெரியும்.

மலையில் புகை பீடியிலிருந்து மட்டும் வருவதில்லை. விறகடுப்பு இங்கே சமையலுக்கு மட்டுமல்ல, வீட்டைச் சூடாக்கவும் வேண்டும். குளிருக்காகக் கதவும் சன்னலும் மூடியிருக்கும் அறைக்குள் ஆண்டுக்கணக்கில் அந்தப் புகையை மூச்சில் இழுப்பவர்கள் பெண்கள். உலகில் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ளவர்களில் 25 முதல் 45 விழுக்காட்டினர் ஒருபோதும் புகைபிடிக்காதவர்கள் என்று சுந்தீப் சால்வியும் பீட்டர் பார்ன்ஸும் 2009இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அதற்கான காரணங்களில் முதன்மையானது விறகு, சாணம் போன்றவற்றின் புகை. தமிழ்நாட்டில் அடுப்புப் புகை பற்றிச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டுதான், நோய்க்கு யார்மீது பழி விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

புகையிலைக்குப் பேர்போன மாவட்டம்

கொடைக்கானல் அடங்கிய திண்டுக்கல் மாவட்டம் புகையிலைக்குப் பேர்போனது. திண்டுக்கல் சுருட்டு வெள்ளையர் காலத்தில் கடல் கடந்து போயிற்று. ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்சாலை அந்த ஊரில்தான் இருந்தது. மத்திய புகையிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் ஒன்று 1948இல் வேடசந்தூரில் தொடங்கப்பட்டது. சுருட்டுக்கும் மெல்லும் புகையிலைக்கும் ஏற்ற பயிரை வளர்ப்பது அதன் பணி. பயிரை வளர்க்க ஆராய்ச்சி செய்ததும், விற்பனையில் வரி எடுத்ததும், புகைத்து நோயுற்றவருக்கு மருத்துவம் செய்ய வேண்டியதும் ஒரே அரசு அமைப்புதான். நோயாளி தானாகத் தேடிக்கொண்ட வினை என்று சொல்லும்போது இந்த வரலாறு மறந்துபோகிறது.

நம் பண்பாட்டிலும் புகையிலை விலக்கப்பட்ட பொருளாக இருந்ததில்லை. கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் சுருட்டுப் படையல் உண்டு. திரையில் சிகரெட்டைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் நாயகனுக்குக் கைதட்டி வளர்ந்த தலைமுறைதான் இன்று ஐம்பதைத் தாண்டி இருமிக்கொண்டு மருத்துவமனை வரிசையில் நிற்கிறது.

மாற்றம் பின்னாளில் வந்தது. பொது இடங்களில் புகைபிடிப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் 1999இல் தடுத்தது. புகையிலைப் பொருட்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003இல் நிறைவேறியது. அன்புமணி ராமதாஸ் ஒன்றியச் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத் தடை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 2016 முதல் பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்றாயிற்று. இவற்றால் பலன் கிடைத்தது. நாடு தழுவிய புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 2009-10இல் இந்தியாவில் வயதுவந்தோரில் 34.6 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள். 2016-17இல் அது 28.6 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் அதே இரண்டு கணக்கெடுப்புகளின்படி தமிழ்நாட்டில் அது 16.2இலிருந்து 20.0 விழுக்காடாக உயர்ந்தது. படமும் தடையும் தேவை, ஆனால் அவை மட்டும் போதவில்லை என்பதை நம் மாநிலத்தின் கணக்கே காட்டுகிறது.

எச்சரிக்கைப் படங்களுக்கு இன்னொரு விளைவும் உண்டு. அழுகிய நுரையீரலையும் கிழிந்த வாயையும் பார்த்துப் பழகிய கண்கள், உயிரோடிருக்கும் நோயாளியையும் ஓர் எச்சரிக்கைப் பலகையாகவே பார்க்கத் தொடங்குகின்றன. அவருக்கும் வலி இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, பிழைக்க வழியும் இருக்கிறது என்ற நினைப்பு பின்னால் போய்விடுகிறது.

எந்தெந்த நோய்கள்

நாட்பட்ட நோய் என்று சொல்லும்போது மலையில் முதலில் நிற்பது நுரையீரல் அடைப்பு நோய். ஊரார் இதை இளைப்பு என்பார்கள். சுருங்கிய குழல் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆனால் புகையை விட்டால் மேலும் கெடும் வேகம் குறையும். ஃபிளெச்சரும் பீட்டோவும் 1977இல் காட்டிய இந்த உண்மை இன்றுவரை நிற்கிறது. நோய் முற்றிவிட்டது, இனி விட்டு என்ன பயன் என்று நோயாளியும் நினைக்கிறார், சில நேரம் மருத்துவரும் நினைக்கிறார். இரண்டும் தவறு.

அடுத்தது காசநோய். இதைப் பற்றிய மிக முக்கியமான ஆய்வு தமிழ்நாட்டில்தான் நடந்தது. வேந்தன் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் பிறரும் சேர்ந்து சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் 43,000 ஆண்களின் இறப்பை ஆராய்ந்து, 2003இல் லான்செட்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். நடு வயதில், புகைபிடித்த ஆண்கள் காசநோயால் இறப்பது, புகைபிடிக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல். இந்திய ஆண்களின் காசநோய் இறப்புகளில் பாதிக்குக் காரணம் புகை. மேலைநாடுகளில் புகையிலை என்றவுடன் புற்றுநோய் நினைவுக்கு வரும். இங்கே காசநோயும் அதே வேகத்தில் நினைவுக்கு வர வேண்டும்.

மூன்றாவது, குளிர்நாட்டில் தனிக்கவனம் கேட்கும் நோய். 1908இல் லியோ பர்கர் விரிவாக விளக்கிய ரத்தக்குழாய் அடைப்பு அது. தெற்காசியாவில் பெரும்பாலும் பீடி பிடிக்கும் ஏழை ஆண்களுக்கு, நாற்பது வயதுக்கு முன்பே வருகிறது. முதலில் நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கும். பிறகு கால்விரல் கறுக்கும், ஆறாத புண்ணாகும், கடைசியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டிவரும். குளிர் இதைக் கூட்டும். இந்த நோயில் மருந்தைவிடப் பெரிய சிகிச்சை ஒரு பீடிகூடப் பிடிக்காமல் இருப்பதுதான். சர்க்கரை நோயாளியின் கால்புண்ணுக்கும் இதே கணக்கு. இப்படி, விட்டே தீர வேண்டிய நோயில்தான் நோயாளிக்கு உதவி மிகமிகத் தேவை. கிடைப்பதோ பெரும்பாலும் ஏச்சு.

மேசைக்கு முன்னால்

மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் உழவரை நினைத்துப் பார்ப்போம். மன்னவனூர் கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். காலைப் பேருந்தைப் பிடித்து வந்து, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருத்துவர் முன்னால் உட்காரும்போது அரைநாள் போயிருக்கும். அன்றைய கூலியும் போயிருக்கும். உள்ளே கிடைப்பது சில நிமிடங்கள். முதல் கேள்வி, “பீடி பிடிப்பீங்களா?” ஆமென்றால், “எத்தனை?” சொன்னதும் முகம் மாறும். “அப்புறம் எப்படிச் சரியாகும்?” வரிசையில் நிற்பவர்கள் காதிலும் இது விழும். கூட வந்த மகளோ மருமகளோ, “நாங்க சொன்னா கேக்குறதில்ல டாக்டர்” என்பார். அந்த அறையில் அவர் பக்கம் நிற்க ஆளில்லை.

இந்தச் சில நிமிடங்களில் என்னென்ன நடக்காமல் போகின்றன என்று பட்டியலிட்டால் இழப்பு புரியும். இன்ஹேலரைப் பயன்படுத்தும் முறை ஓர் எடுத்துக்காட்டு. குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயில் பொருத்தி, மெதுவாக இழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் அழுத்த வேண்டும். இழுத்த மூச்சைப் பத்து நொடி அடக்க வேண்டும். இளைப்பிருப்பவருக்கு இது எளிதல்ல. கையும் மூச்சும் ஒத்துவராவிட்டால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். நடுவில் ஒரு குடுவை வைத்துக்கொண்டால் எளிதாகும். இதைச் செய்துகாட்டவும், அவரையே செய்யச் சொல்லிப் பார்க்கவும் மூன்று நிமிடமாவது ஆகும். அந்த மூன்று நிமிடம் கண்டிப்பில் கழிந்துவிட்டால், அவர் தவறான முறையிலேயே பஃப் அடிப்பார், மருந்து கேட்கவில்லை என்பார். பீடியை விடாததால்தான் கேட்கவில்லை என்று மறுபடியும் பதில் வரும்.

அடுத்த இழப்பு இன்னும் பெரிது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளி பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நாட்டின் காசநோய்த் திட்டம் வகுத்த விதி. பீடி பிடிப்பவருக்கு இருமல் இருக்கத்தான் செய்யும் என்று அந்த விதி தளர்ந்துபோனால், காசநோய்க்கு மிக அதிக ஆபத்திலிருக்கும் ஆளே சோதிக்கப்படாமல் திரும்பிப் போகிறார். நுரையீரல் புற்றுநோயும் இப்படித்தான் மாதக்கணக்கில் தவறவிடப்படும். பழி என்பது மனத்தைப் புண்படுத்துவதோடு நிற்பதில்லை. நோயைக் கண்டுபிடிப்பதையே அது தடுக்கிறது.

அடுத்த முறை அந்த உழவர் வேறு வழி பார்ப்பார். எத்தனை என்று கேட்டால் கட்டுக் கணக்கைக் குறைத்து இரண்டு மூன்று என்பார். விட்டுவிட்டேன் என்பார். இல்லையென்றால், கடையில் சளிக்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, இனி முடியாது என்ற நிலையில்தான் வருவார். பொய் சொன்ன நோயாளி என்று அவர்மீது இன்னொரு பழி சேரும். பொய் எங்கிருந்து பிறந்தது என்று யாரும் கேட்பதில்லை.

மற்ற நாடுகளில் கண்டது

இந்த நடத்தை நம் மலைக்கு மட்டும் உரியதல்ல. எர்விங் காஃப்மன் 1963இல் எழுதிய நூல் தொடங்கி, ஒருவரிடம் இருக்கும் ஓர் அடையாளம் அவர் முழு ஆளையும் எப்படி மறைத்துவிடுகிறது என்று சமூகவியலார் ஆராய்ந்து வருகிறார்கள். இங்கிலாந்தில் அலிசன் சாப்பிளும் உடன் ஆய்வாளர்களும் நுரையீரல் புற்றுநோயாளிகள் 45 பேரிடம் பேசி 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். புகைத்தவர்கள் மட்டுமல்ல, ஒருபோதும் புகைக்காதவர்களும் பழிக்கு ஆளாகியிருந்தார்கள். நோயின் பெயரே குற்றப்பத்திரிகையாகிவிட்டது. சிலர் உறவினரிடம் நோயை மறைத்தார்கள். சிகிச்சை மறுக்கப்படுமோ என்று சிலர் அஞ்சினார்கள்.

நியூயார்க் நகரில் ஜெனிஃபர் ஸ்டூபரும் சாண்ட்ரோ கேலியாவும் நடத்திய ஆய்வு, புகைப்பதை மருத்துவரிடம் மறைப்பவர்கள் யார் என்று கேட்டது. சமூகம் தங்களை இழிவாகப் பார்ப்பதாக உணர்ந்தவர்களே அதிகம் மறைத்தார்கள். இத்துறையில் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு மதிப்பாய்வு வெளியானது. தம்மைத் தாமே இழிவாக எண்ணுவது சிலரை விடத் தூண்டுகிறது என்பதை அது மறைக்கவில்லை. ஆனால் வேறு பலரிடம் அதே எண்ணம் குற்ற உணர்வாகவும், மன அழுத்தமாகவும், வீம்பாகவும், விட்டவர் மீண்டும் தொடங்குவதாகவும், மருத்துவரிடமிருந்து ஒளிவதாகவும் முடிகிறது என்று அது காட்டியது. நுரையீரல் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2021இல் மருத்துவர்களுக்கு மொழி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. நோயாளியைப் பழக்கத்தின் பெயரால் அழைக்காமல், மனிதராக முன்வைத்துப் பேசச் சொல்கிறது அது.

இந்தியக் கணக்கு ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016-17 கணக்கெடுப்பில், புகைபிடிப்பவர்களில் 55.4 விழுக்காட்டினர் விடத் திட்டமிட்டிருந்தார்கள், அல்லது அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். 38.5 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய ஓராண்டில் விட முயன்றும் பார்த்தார்கள். ஆனால் மருத்துவப் பணியாளரிடம் போனவர்களில் 48.8 விழுக்காட்டினருக்குத்தான் விடும்படி அறிவுரை கிடைத்தது. நோயாளிக்கு அக்கறையில்லை என்ற பொதுநினைப்பை இந்த எண்கள் பொய்யாக்குகின்றன. விட நினைப்பவர் பாதிக்கு மேல் இருக்கிறார்கள். கைகொடுக்கத்தான் ஆளில்லை.

பளியரும் பெண்களும்

பழி எல்லார்மீதும் ஒரே கனத்தில் விழுவதில்லை. ஏற்கெனவே தாழ்த்திப் பார்க்கப்படுபவர்மீது அது இரட்டிப்பாக விழும். பழனி மலையின் பழங்குடிகளான பளியர் இதில் முதன்மையானவர்கள். 1960களில் பளியரிடையே தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் ஒன்றை அழுத்திச் சொல்கிறார்: மரியாதைக் குறைவை அவர்கள் பொறுத்துக்கொள்வதில்லை, சண்டையும் போடுவதில்லை, விலகிப் போய்விடுவார்கள். இந்தப் பண்பை மருத்துவமனைக்குள் பொருத்திப் பாருங்கள். கடிந்து பேசப்பட்ட பளியர் எதிர்த்துப் பேசமாட்டார், புகார் எழுதமாட்டார். திரும்ப வரமாட்டார், அவ்வளவுதான். பதிவேட்டில் அது சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர் என்று பதியும். காசநோயில் பாதியில் நிற்பது உயிருக்கே ஆபத்து.

பெண்களின் நிலை வேறு. 2016-17 கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் புகைபிடிப்பவர்கள் 2 விழுக்காட்டினர். எண்ணிக்கை குறைவாக இருப்பதாலேயே அவர்கள்மீது விழும் பார்வை கடுமையாக இருக்கிறது. ஒரு கிழவி சுருட்டுப் பிடிப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டால் குடும்பத்துக்கே அவமானம் என்று வீட்டார் மறைப்பார்கள். மறுபுறம், வாழ்நாளெல்லாம் அடுப்பூதிய பெண் இளைப்போடு வந்தால், புகைபிடிப்பதில்லை என்ற ஒரே பதிலில் நுரையீரல் அடைப்பு நோய் யோசனையிலிருந்தே விலகிவிடும். பீடியை மட்டும் தேடும் கண், ஆணைக் குற்றவாளியாக்குகிறது, பெண்ணை நோயாளியாகவே காண மறுக்கிறது.

சாலையும் இதில் சேரும். கொடைக்கானலுக்குக் கீழேயுள்ள வெள்ளகவி போன்ற ஊர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த காலம் நெடியது. சிறப்பு மருத்துவம் வேண்டுமென்றால் வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை என்று இறங்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு வந்து சேர்பவருக்கு ஒரு கடுஞ்சொல்லின் விலை, சமவெளியில் பக்கத்துத் தெரு மருத்துவமனைக்குப் போகிறவருக்கு இருப்பதைவிடப் பல மடங்கு.

கண்டிப்பு வேண்டாமா?

எதிர்வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். புகைபிடிப்பது கேவலம் என்ற எண்ணம் பரவியதால்தான் இளைஞர் பலர் தொடங்காமலே இருக்கிறார்கள் என்பது உண்மை. கண்டிப்பான மருத்துவரின் பேச்சால் விட்டவர்களும் உண்டு. வரையறுக்கப்பட்ட வளத்தை, தன் உடம்பைத் தானே கெடுத்துக்கொள்பவருக்கு ஏன் செலவிட வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 1993இல் பிரிட்டனில் இரண்டு இதய அறுவை மருத்துவர்கள், புகைப்பவர்களுக்குப் பைபாஸ் செய்யக் கூடாது என்றே எழுதினார்கள். பெரும் விவாதம் எழுந்தது.

இங்கே இரண்டைப் பிரித்துப் பார்ப்பது தேவை. மருத்துவக் காரணத்தால் விதிக்கும் நிபந்தனை வேறு, தண்டனை வேறு. வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு பீடி பற்றவைத்தால் தீப்பிடிக்கும். அறுவைக்கு முன் சில வாரம் புகையை விட்டால் புண் நன்றாக ஆறும், நெஞ்சுச்சளி கட்டாது. இவற்றைக் காரணத்தோடு சொல்லி, விடுவதற்கு வழியும் காட்டிக் கேட்பது மருத்துவம். வழி காட்டாமல், விட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்புவது தண்டனை. சர்க்கரை நோயாளி இனிப்புத் தின்றார் என்றோ, ஹெல்மெட் போடாதவர் விழுந்தார் என்றோ யாரும் சிகிச்சையைக் குறைப்பதில்லை.

காரணம் காட்டுவதிலும் நிதானம் வேண்டும். நுரையீரல் புற்றுநோய்க்கான காப்பீட்டுத் தொகை, நோயாளி புகைத்தார் என்று சொல்லி மறுக்கப்பட்ட வழக்கில், புகைக்காதவர்களுக்கும் அந்நோய் வருகிறது என்று கூறித் தொகையைக் கொடுக்க உத்தரவிட்டது அகமதாபாத் நுகர்வோர் ஆணையம். அது 2021இல். சட்டம் கேட்கும் இந்தச் சான்றை மருத்துவமும் கேட்க வேண்டும்.

அடிமைத்தனத்தின் இயல்பையும் மறந்துவிடக் கூடாது. இழுத்த புகையிலிருந்து நிக்கோட்டின் பத்து இருபது நொடிகளில் மூளைக்குப் போகிறது. இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைகிறது, மறுபடி கேட்கிறது. நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் பொருள் என்று அமெரிக்கத் தலைமை மருத்துவர் அறிக்கை 1988இலேயே அறிவித்தது. பீடியின் இலை எளிதில் அணைந்துவிடும், அதனால் அடிக்கடி இழுக்க வேண்டும். சிறியதாக இருந்தாலும் அது தரும் நிக்கோட்டினும் நச்சும் சிகரெட்டுக்குக் குறைந்ததல்ல. மன உறுதி இல்லாதவர் என்று ஒருவரைச் சொல்வது, இந்த வேதியியலை அறியாமல் பேசுவது.

செய்யக்கூடியவை

முதலாவது, கேள்வியின் வரிசையை மாற்றுவது. என்ன வேலை, என்ன அடுப்பு, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று கேட்டுவிட்டு, அதே குரலில் புகையிலையையும் கேட்கலாம். ஊர்ச் சுகாதாரப் பணியாளர் நிரப்பும் அரசின் சமூக மதிப்பீட்டுப் படிவத்தில் புகையிலை, சமையல் எரிபொருள், வேலையிடப் புகை மூன்றுமே ஏற்கெனவே இடம்பெற்றிருக்கின்றன. படிவத்தில் இருப்பது மருத்துவர் வாயிலும் வர வேண்டும்.

இரண்டாவது, சுருக்கமான, மரியாதையான அறிவுரை. மருத்துவர் ஒரு சில நிமிடம் பேசுவதால் மட்டுமே, விடுபவர் எண்ணிக்கை நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பேர்வரை கூடுகிறது என்று காக்ரேன் மதிப்பாய்வுகள் காட்டியுள்ளன. கேட்கச் சிறியதாகத் தோன்றும் இந்த எண், மாநிலம் முழுதும் எண்ணினால் பெரிய எண்ணிக்கை. வயதும் தடையல்ல. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வில், 60 வயதில் விட்டவர்களுக்கும் ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆயுள் கூடியது. 40 வயதில் விட்டவர்களுக்கு ஒன்பது ஆண்டு.

மூன்றாவது, மருந்து. நிக்கோட்டின் மாற்று மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2009இல் இன்றியமையாத மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவின் தேசியப் பட்டியல் 2022இல் சேர்த்தது. பட்டியலில் இருப்பது மன்னவனூரிலும் தாண்டிக்குடியிலும் ஆரம்ப சுகாதார நிலைய அலமாரியில் இருக்க வேண்டும். மூச்சின் அளவைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி கருவியும் மலையிலேயே கிடைக்க வேண்டும்.

நான்காவது, வீடு தேடிப் போகும் பணி. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுபோகிறார்கள். ஊர்க்காரப் பெண்ணிடம் மனம் திறப்பது எளிது. ஊர்க்காரர் என்பதாலேயே செய்தி பரவும் பயமும் உண்டு. ரகசியம் காக்கும் பயிற்சியோடு, புகையிலையை விடுவதற்கான உதவியையும் அவர்கள் பையில் சேர்க்கலாம். பளியர் குடியிருப்புகளில் பளியர் பெண்களையே அமர்த்துவது நல்லது.

இப்படிச் செய்ய முடியும் என்பதற்கு நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோயாளி எப்படி நோயைத் தேடிக்கொண்டார் என்று கேட்பதில்லை. எடையும் உயரமும், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, ஆபத்திலிருப்பவரை உடனே படுக்கையில் சேர்க்கச் சொல்கிறது. இளைப்போடு வரும் புகைபிடிப்பவருக்கும் இந்த அணுகுமுறையே பொருந்தும்.

குடும்பத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவர் முன்னால் காட்டிக்கொடுப்பது உதவி அல்ல. விட முயலும் முதல் இரண்டு வாரம் எரிச்சலும் தூக்கமின்மையும் இருக்கும். அப்போது பொறுத்துப்போவதுதான் உதவி. ஒருமுறை தவறினால் எல்லாம் போயிற்று என்று முடிவுகட்டாமல், மறுநாள் மீண்டும் தொடங்கச் சொல்வது உதவி. 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அரசின் ஆலோசகர்கள் பேசுகிறார்கள். பீடி சிகரெட் உறையிலேயே அந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் படித்துக்காட்டி, பக்கத்தில் உட்கார்ந்து பேச வைக்கலாம்.

நோயாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனை பீடி என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். சளி பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். கோபமாகப் பேசினார்கள் என்பதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் சொல்ல வேண்டியது இதுதான்: புகையிலையோடு போராடுங்கள், விடாமல் போராடுங்கள். அந்தப் போராட்டத்தில் நோயாளி உங்கள் பக்கம் நிற்க வேண்டியவர். அவர் எத்தனை ஆண்டு புகைத்திருந்தாலும், உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்த பிறகு, அவருக்கு உரிய பரிசோதனையில் ஒன்றும், உரிய மருந்தில் ஒரு மாத்திரையும் குறையக் கூடாது.